பாடியவர் யார், எழுதியவர் யார்?



உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலோ அலுமாரியின் மேல் தட்டிலோ பழைய கேசட்டுகள் அடுக்கிய பெட்டி ஒன்று இருக்கிறதா? இருந்தால், இந்தக் கட்டுரையைப் படித்து முடித்த கையோடு அதைக் கீழே இறக்குங்கள். ஏன் என்று கேட்கிறீர்களா? எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் அப்படி நடக்கக் கூடாது.

எங்கள் ஊர் வட்டகொடை. தலவாக்கலையை விட்டுப் புறப்படும் ரயில், கிரேட் வெஸ்டர்னுக்குப் போகும் வழியில் நின்று மூச்சு வாங்கும் சின்ன ஸ்டேஷன். சுற்றிலும் தேயிலை மலை. பாதி வருஷம் மழை, மீதி வருஷம் மூடுபனி. வாப்பாவுக்கு ஸ்டேஷன் பக்கம் ஒரு சில்லறைக் கடை. கடையில் ஒரு கேசட் ரேடியோ. இரவு கடையைப் பூட்டியதும் அந்த ரேடியோ வீட்டுக்கு வந்துவிடும். அதில்தான் நாங்கள் பாட்டுக் கேட்டோம். அதில்தான் ஒரு நாள் உம்மா, தன் தாயாரைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, தாலாட்டுப் பாடச் சொல்லிப் பதிவு செய்தார்.

2002இல் நானா அந்தக் கேசட்டுகளை எல்லாம் டவுனில் ஒரு கடையில் கொடுத்து சி.டி.யாக மாற்றிக்கொண்டு வந்தார். பளபளவென்று மூன்று சி.டி. எல்லோருக்கும் சந்தோஷம். கேசட்டுகள் இடத்தை அடைக்கின்றன என்று கழித்துவிட்டோம். இரண்டு வருஷத்தில் உம்மா மௌத்தானார். அதற்குப் பிறகு ஒரு நாள் சி.டி.யைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கிறோம். "ட்ராக் 1, ட்ராக் 2, ட்ராக் 3" என்று வெறும் எண்கள்! பதினொன்றாவது ட்ராக்கில் ஒரு பெண் குரல் தாலாட்டுப் பாடுகிறது. அது உம்மும்மாவா? அல்லது அவருடைய தங்கை சாச்சியா? இருவரும் ஒரே மாதிரிப் பாடுவார்களாம். கேசட் அட்டையில் உம்மா பென்சிலால் எழுதி வைத்திருந்தார். அட்டை குப்பையோடு போய்விட்டது. சொல்லக்கூடிய ஒரே ஆளும் இல்லை.

குரல் தங்கிவிட்டது, பெயர் போய்விட்டது. இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பாட்டு கம்ப்யூட்டருக்குள் குடிபோன அந்த ஆரம்ப வருஷங்களில் ஊர் உலகமெங்கும் இதுதான் நடந்தது. எப்படி நடந்தது என்று கொஞ்சம் பார்ப்போமா?

ரேடியோ சொல்லித் தந்த மரியாதை

கொழும்பில் ரேடியோ ஒலிபரப்பு 1925 டிசம்பரில் தொடங்கியது. அது 1949இல் ரேடியோ சிலோன் ஆனது. 1950இல் வர்த்தக சேவை வந்தது. 1967இல் கூட்டுத்தாபனமாக மாறி, 1972க்குப் பிறகு இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்ற பெயரைப் பெற்றது. அதன் தமிழ் ஒலிபரப்பைத் தமிழ்நாட்டிலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று அந்த அறிவிப்பாளர்களின் பெயரைச் சொன்னாலே நம் தாய்மார்களின் முகம் மலரும். அவர்கள் நமக்கு ஒரு நல்ல பழக்கத்தைக் கற்றுத் தந்தார்கள். பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ, பாடியவர் யார், எழுதியவர் யார், இசை அமைத்தவர் யார் என்று நிறுத்தி நிதானமாகச் சொல்வார்கள். படிப்பறிவில்லாத லயத்துப் பெண்ணும் எந்தப் பாட்டை எந்தக் கவிஞர் எழுதினார் என்று சொல்லிவிடுவாள். அவள் புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டதல்ல அது, தினமும் காதால் கேட்டே படித்தது.

பாட்டு ஒருவருடைய உழைப்பு. உழைத்தவரின் பெயரைச் சொல்வது அவருக்குத் தரும் கூலியில் ஒரு பங்கு. கொழுந்து நிறுக்கும்போது யாருடைய கூடை என்று பெயர் போட்டுத்தானே எழுதுகிறார்கள்? பெயர் மாறினால் சும்மா இருப்போமா?

கேசட் அட்டையில் ஒரு குடும்பக் கணக்கு

பிலிப்ஸ் கம்பெனி 1963இல் அறிமுகம் செய்த சின்னக் கேசட், 1980களில் மலைநாட்டு வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. இசைமுரசு நாகூர் ஹனிஃபா (1925 - 2015) அவர்களின் கேசட் இல்லாத முஸ்லிம் வீடு அந்த நாளில் அபூர்வம். கல்யாண வீட்டிலும், பெருநாள் காலையிலும் அந்தக் கம்பீரக் குரல் ஒலிக்கும். (பாட்டும் இசையும் எந்த அளவுக்குக் கூடும் என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நாம் இங்கே பேசுவது பாதுகாப்பைப் பற்றி மட்டுமே.)

அந்தக் குரலை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் பாடிய எத்தனையோ பாடல்களை எழுதியவர் கவிஞர் நாகூர் சலீம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 2013இல் அவர் மறைந்தபோது, அவருடைய வரிகளை வாழ்நாளெல்லாம் முணுமுணுத்த பலருக்கும் அவர் பெயர் புதிதாக இருந்தது. கேசட் அட்டையைப் படித்தவருக்கு எழுதியவரைத் தெரிந்தது, பாட்டை மட்டும் கேட்டவருக்குத் தெரியவில்லை.

ரெக்கார்டிங் பாரில் காசு கொடுத்துப் பதிவு செய்த கேசட்டில் அச்சடித்த அட்டை கிடையாது. ஆனால் கோடு போட்ட ஒரு வெள்ளை அட்டை இருக்கும். அதில் பக்கம் ஒன்று, பக்கம் இரண்டு என்று நம் கையாலேயே எழுதி வைப்போம். "தம்பி கத்னா அன்று பதிந்தது", "மாமி பாடிய பைத்" என்றெல்லாம் அதில் இருக்கும். அந்தச் சின்ன அட்டை ஒரு குடும்பத்தின் கணக்குப் புத்தகம்.

கம்ப்யூட்டர் கேட்காத கேள்வி

1982இல் சி.டி. விற்பனைக்கு வந்தது. அதில் ஒலியை எப்படி எழுத வேண்டும் என்று மிக நுட்பமாகத் திட்டம் வகுத்தார்கள். ஒரு செகண்டுக்கு 44,100 தடவை ஒலியை அளந்து எண்ணாக்கினார்கள். ஆனால் பாட்டின் பெயரை எழுத அதில் இடம் ஒதுக்கவில்லை! பிற்பாடு 1996இல் அதற்கு ஒரு வழி செய்தார்கள். அதையும் பலர் பயன்படுத்தவில்லை. கடையில் வாங்கும் சி.டி. என்றால் கம்ப்யூட்டர் இன்டர்நெட்டில் தேடிப் பெயர்களைக் கண்டுபிடித்துக் காட்டும். நம் வீட்டுக் கேசட்டிலிருந்து செய்த சி.டி.யை அது எங்கே போய்த் தேடும்? எங்கள் சி.டி.யில் "ட்ராக் 11" என்று வந்த மர்மம் இதுதான்.

அடுத்து வந்தது எம்.பி.3. ஜெர்மனியில் உருவான முறை. 1995 ஜூலையில் இந்தப் பெயர் சூட்டப்பட்டது. ஐந்து நிமிடப் பாட்டு சி.டி.யில் 50 எம்.பி.க்கு மேல் இடம் பிடிக்கும். எம்.பி.3 அதை ஏறக்குறைய 5 எம்.பி.யாகச் சுருக்கியது. காதுக்கு எளிதில் பிடிபடாத ஒலிகளை நீக்கிவிடுவதுதான் அதன் சூட்சுமம். அப்படிச் சுருக்கியும் அன்றைய டெலிபோன் இணைப்பில் ஒரு பாட்டை இறக்க வெகுநேரம் பிடிக்கும். அதுவும் லைன் அறுந்து போகாவிட்டால்! அதுவரை வீட்டு டெலிபோனில் யாரும் பேச முடியாது.

இந்த எம்.பி.3 கோப்பிலும் முதலில் பெயர் எழுத இடமில்லை. 1996இல் எரிக் கெம்ப் என்பவர் ஒரு யோசனை செய்தார். கோப்பின் வாலில் 128 எழுத்துகளுக்கு ஒரு சின்னச் சீட்டை ஒட்டினார். பாட்டின் பெயருக்கு 30 எழுத்து, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30, வருஷத்துக்கு 4, குறிப்புக்கு 30. நல்ல யோசனைதான். ஆனால் கவனித்தீர்களா சகோதரிகளே? எழுதியவருக்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை! இசை அமைத்தவருக்கும் இல்லை. மேல்நாட்டில் தானே எழுதித் தானே பாடுபவர்கள் அதிகம், அவர்களுக்கு அது போதுமாக இருந்திருக்கும். நம் பக்கம் எழுதுபவர் ஒருவர், மெட்டமைப்பவர் ஒருவர், பாடுபவர் இன்னொருவர். 1998இல் வந்த புதிய முறையில் எழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் தனி இடம் வந்தது. ஆனால் அதற்குள் ஆயிரக்கணக்கான பாட்டுகள் பழைய சீட்டோடு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டன.

யாரும் வேண்டுமென்று கவிஞரின் பெயரை அழிக்கவில்லை. கட்டம் இல்லை, அதனால் எழுதவில்லை, அவ்வளவுதான். கேட்கப்படாத கேள்விக்கு யார்தான் பதில் எழுதுவார்கள்?

தமிழ் எழுத்து பட்ட பாடு

இலங்கையிலும் இந்தியாவிலும் பொதுமக்களுக்கு இன்டர்நெட் இணைப்பு 1995இல் கிடைத்தது. அதே வருஷம் அக்டோபரில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் தமிழ்க் கவிதைகள் இன்டர்நெட்டில் ஏறின. வெளிநாடுகளில் வேலைக்கும் படிப்புக்கும் போன நம் பிள்ளைகள் ஊர் நினைவில் பாட்டுப் பக்கங்களைத் தாங்களே வடிவமைக்கத் தொடங்கினார்கள். கறுப்புப் பின்னணி, மின்னும் நட்சத்திரங்கள், "இதுவரை வந்தவர்கள் இத்தனை பேர்" என்று ஓடும் எண் என அந்தப் பக்கங்களைப் பார்த்தவர்களுக்கு இன்றும் ஞாபகம் இருக்கும்.

தமிழில் எழுதுவதுதான் பெரும் பாடு. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு எழுத்துரு. அந்த எழுத்துரு நம் கம்ப்யூட்டரில் இல்லையென்றால் தமிழுக்குப் பதிலாக ஏதேதோ கிறுக்கல் தெரியும். 1997இல் பக்கத்தோடு எழுத்துருவும் சேர்ந்து இறங்கும் முறை வந்தது. ஆனால் ஒரு நிறுவனத்தின் முறை மற்றதில் வேலை செய்யாது. தமிழ் எழுத்தைப் படமாக்கிப் போட்டால் படம் இறங்க நேரமாகும். உலகப் பொதுவான யூனிகோட் முறையில் 1991லேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், வீட்டுக் கம்ப்யூட்டரில் அது வேலை செய்யத் தொடங்கியது 2000க்குப் பிறகுதான்.

அதனால் பக்கம் அமைத்தவர்கள் சுலபமான வழியைப் பிடித்தார்கள். பாட்டுப் பட்டியலை ஆங்கில எழுத்திலேயே போட்டார்கள். கேசட் அட்டையின் படத்தையும் தபால்தலை அளவுக்குச் சிறிதாக்கினார்கள். அட்டையில் அச்சாகியிருந்த பெயர்கள் எறும்பு வரிசையாகிவிட்டன. ஹனிஃபா என்ற ஒரு பெயரையே ஒருவர் ஓர் "எஃப்" போட்டு எழுதினார், மற்றவர் இரண்டு போட்டார், இன்னொருவர் "எச்" இல்லாமலே எழுதினார். ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. பெரும் புகழ் பெற்ற பாடகருக்கே இந்தக் கதி என்றால், ஊர் மேடையில் மட்டும் பாடிய பாவலர்களின் கதி என்ன?

காணாமல் போன பக்கங்கள்

"இப்போது எல்லாம் இன்டர்நெட்டில் இருக்கிறதே, கவலை எதற்கு?" என்று பிள்ளைகள் சொல்வார்கள். அவர்களுக்கு மூன்று செய்திகளைச் சொல்லுங்கள்.

அந்நாளில் இலவசமாக வீட்டுப் பக்கங்கள் அமைக்க இடம் தந்தது ஜியோசிட்டீஸ். லட்சக்கணக்கானோர் அங்கே பக்கம் வைத்திருந்தார்கள். 2009இல் அதை மூடிவிட்டார்கள். புதிய பாடகர்களின் பாட்டுகளைச் சேர்த்து வைத்திருந்த எம்.பி.3 டாட் காம், கை மாறியபோது 2003இல் தன் பாட்டுக் களஞ்சியத்தையே இழந்தது. மைஸ்பேஸ் என்ற புகழ் பெற்ற தளம், 2015 வரை தன்னிடம் ஏற்றப்பட்ட பாட்டுகளில் பெரும் பகுதி அழிந்துவிட்டதாக 2019இல் ஒப்புக்கொண்டது. பிறர் வீட்டுத் திண்ணையில் வைத்த பொருளுக்கு என்ன உத்தரவாதம்?

காகிதம் காத்தது, குரல் காத்தது

எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்று. வட்டகொடையை ஒட்டிய மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். அவர் தோட்டத் தொழிலாளர்கள் பாடிய பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு எழுதிச் சேர்த்தார். மலைநாட்டு மக்கள் பாடல்கள் என்று அது நூலாயிற்று. 1984இல் அவர் மறைந்துவிட்டார். பாட்டுகள் நிற்கின்றன. அவருக்கும் முன்னால், தோட்டம் தோட்டமாகப் போய் மேடையில் பாடித் தொழிலாளரைத் தட்டி எழுப்பியவர், கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மை. 1940இல் அவருடைய பாட்டுகள் சின்னப் புத்தகமாக அச்சாயின. அந்தக் காகிதத்தால்தான் எழுதிப் பாடிய ஒரு பெண்ணின் பெயர் இன்றும் நமக்குத் தெரிகிறது.

இன்னோர் உதாரணம், எங்கள் மலைக்குக் கீழே கொத்மலைப் பள்ளத்தாக்கில். 1989இல் அங்கே ஒரு சமூக வானொலி தொடங்கியது. 1990களின் கடைசியில் யுனெஸ்கோவின் உதவியோடு அந்த நிலையத்துக்கு இன்டர்நெட் இணைப்புக் கிடைத்தது. ஊரில் கம்ப்யூட்டர் உள்ள வீடு அபூர்வம். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நேயர்கள் தங்களுக்கு வேண்டிய தகவலைக் கேட்டு அனுப்புவார்கள். அறிவிப்பாளர் இன்டர்நெட்டில் தேடி, அதைச் சொந்த மொழியில் ரேடியோவில் விளக்கிச் சொல்வார். உலகின் பல நாடுகள் கொத்மலையை வந்து பார்த்துப் பாராட்டின. புது இயந்திரத்தால் எட்ட முடியாத இடத்தை, வாயால் எடுத்துச் சொல்லும் பழைய வழக்கம் எட்டியது!

இதில்தான் நமக்கு வழி இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள். மலைநாட்டு ஈரத்தில் டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தால் ஓட விடாதீர்கள். விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். கேசட்டின் முதுகில் இரண்டு ஓரங்களிலும் சின்னப் பிளாஸ்டிக் மடல்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் யாரும் தவறிப் போய் மேலே வேறொன்றைப் பதிய முடியாது.

இரண்டாவது, கடைக்குக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு கேசட்டையும் அட்டையையும் இரு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இன்று எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. பிரதி எடுத்த பிறகும் கேசட்டைக் கழிக்காதீர்கள்.

மூன்றாவது, இதுதான் முக்கியம். பாட்டை ஓட விட்டு, வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். "இது யார் குரல்? எந்த வருஷம்? எந்த வீட்டில்? பாட்டை யார் எழுதினார்கள்?" அவர்கள் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்த விவரத்தையே, பழைய ரேடியோ அறிவிப்பாளரைப் போல, உங்கள் குரலில் பதிவின் தொடக்கத்தில் சேர்த்துவிடுங்கள். "பாடுபவர் எங்கள் உம்மும்மா, இடம் வட்டகொடை" என்று நீங்கள் சொல்லிவிட்டால், சீட்டு கிழிந்தாலும் எண் மாறினாலும் அந்தப் பெயரைப் பாட்டிலிருந்து யாரும் பிரிக்க முடியாது.

நான்காவது, கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தமிழிலேயே வையுங்கள். இப்போது அதற்கு ஒரு தடையும் இல்லை. ஒரு பிரதியை உங்கள் வீட்டிலும் இன்னொன்றை வேறொரு வீட்டிலும் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. தங்கள் குரல் அந்நியர் காதில் விழுவதை நம் தாய்மார் பலர் விரும்ப மாட்டார்கள். அதை மதியுங்கள். பாதுகாப்பது வேறு, உலகுக்கு ஏற்றிவிடுவது வேறு. வீட்டோடு இருக்க வேண்டியது வீட்டோடு இருக்கட்டும். பிறர் பாடி விற்ற பாட்டை அனுமதியின்றி ஏற்றுவதும் சரியல்ல. ஆனால் பழைய பாட்டுப் புத்தகம், மீலாத் மலர், ஊர்ப் பாவலரின் கையெழுத்து ஏதாவது வீட்டில் இருந்தால், 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை மின்பிரதியாக்கி வரும் நூலகம் நிறுவனம் போன்றவர்களிடம் காட்டலாம்.

சகோதரிகளே! எங்கள் வீட்டுப் பதினொன்றாவது ட்ராக்கை இன்றும் கேட்கிறோம். உம்மும்மா என்று நானா சொல்கிறார். சாச்சி என்று எனக்குத் தோன்றுகிறது. உம்மா இருந்தபோது ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். அரை நிமிட வேலை. உங்கள் வீட்டில் அந்தப் பதிலைச் சொல்லக்கூடியவர் இன்னும் இருக்கிறார் அல்லவா? இன்று அஸருக்குப் பிறகு ஒரு கோப்பை பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.